பங்காளி ரத்தம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. அண்ணனுக்கு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்ற செய்தி அந்தத் தூரத்தைக் கடந்து என்னிடம் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

ரத்தப் புற்றுநோய் என்பது எனக்குத் தெரியும். மதுரையில் முதல் முறை மருந்து ஏற்றியபோது நானும் உடனிருந்தேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் அண்ணன் மேற்பார்வை பார்த்துவந்தான். நர்ஸ் கையில் சுற்றிவிட்ட துணியை நகத்தால் நெருடிப் பார்த்து, "இழை பத்தாது. நம்ம ஷெட்டுத் துணி இல்ல" என்றான். மருந்துக்கு நோய் அடங்கியது. முடி மறுபடி முளைத்தது. சரியாகிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். நான் என் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

டாக்டர் சொன்னதில் பாதிதான் என்னிடம் வந்திருந்தது. அடங்கிய நோய் திரும்பி வரக்கூடும், அதற்குள் ஒத்துப்போகிற ஒருவருடைய மஜ்ஜைக் குருத்தணுக்களை ஏற்ற வேண்டும், கூடப் பிறந்தவர்களை முதலில் சோதிக்க வேண்டும் என்பது மீதிப் பாதி. கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான்.

ராஜபாளையத்து வீட்டில் கூடிப் பேசியிருக்கிறார்கள். ரத்தம் என்றால் பங்காளி என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. பெரியப்பா தன் மகன்களையும் சித்தப்பா மகன்களையும் ஒரு வேனில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப்போனார். அவர்களில் பட்டாளத்தில் இருக்கும் ஒருவர் அதற்கென்றே லீவு போட்டு வந்தார். டாக்டர் மறுபடியும் கூடப் பிறந்தவர்களைக் கேட்டபோது, தங்கச்சி இருக்கிறாள், கட்டிக்கொடுத்தாயிற்று என்று பெரியப்பா சொன்னாராம். இவர்களைப் பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம் என்றும் சொன்னாராம். முடிவுகள் ஒவ்வொன்றாக வர வாரங்கள் போயின.

பெரியப்பாவின் கடைசி மகன் போலீஸ்காரன். கோர்ட் வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தால் எங்கள் வீட்டில் காபி குடிக்காமல் போகமாட்டான். அவன் வாய்வழியாகத்தான் தெரிந்தது.

"எம்புட்டு ரத்தம் எடுத்தானுவ, அக்கா. ஒருத்தனுக்கும் சேரல. பட்டாளத்துக்காரனுக்கே சேரலன்னா பொறவு யாருக்குச் சேரும்?"

எதற்கு ரத்தம் என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான்.

அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். அவன் மறைக்கவில்லை.

"கட்டிக்குடுத்த வீட்டுல போயி, எலும்புக்குள்ள இருக்கதைக் குடுன்னு எப்படிட்டி கேக்க? நாளைக்கு ஒனக்கு ஒரு நோவுன்னா ஒம் மாமியா எங்களத்தான சொல்லும்."

மாமியார் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் போனை வைத்ததும் விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். "எந்த பஸ்ஸுக்குப் போற?" என்றார். இரண்டு மாதமாகப் பிறந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது இவருக்குத்தான்.

கல்யாணத்துக்கு முன் மதுரையில் ஒரு நாளிதழில் வேலை பார்த்தேன். மருத்துவப் பக்கத்துக்கு இதே விஷயத்தை ஒரு பெட்டிச் செய்தியாகச் சுருக்கியிருக்கிறேன். மஜ்ஜையில் இருக்கும் குருத்தணு பிரியும்போது ஒன்று குருத்தணுவாகவே தங்கலாம். மற்றது சிவப்பணுவாகவோ வெள்ளையணுவாகவோ தட்டணுவாகவோ மாறப் புறப்படும். அப்படிப் புறப்பட்டது திரும்பி வந்து குருத்தணு ஆவதில்லை. ஒருவருடைய அணுக்கள் இன்னொருவருக்கு ஒத்துப்போக வேண்டிய அடையாளம் தகப்பனிடமிருந்து பாதி, தாயிடமிருந்து பாதி வருகிறது. பங்காளிகளுக்குத் தகப்பன் வழி மட்டும்தான் பொது, தாய் வேறு. வேனில் போன அத்தனை பேரும் பாதி வழி வரைக்கும் உறவு; மீதி வழியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எனக்கு முழுவதும் பொருந்தியது. அந்த முடிவு வந்த வாரத்தில் அண்ணனுக்கு நோய் திரும்பியிருந்தது. மறுபடி மருந்து ஏற்றி அதை அடக்கினார்கள். இந்த முறை முன்போல அடங்கவில்லை என்று டாக்டர் சொன்னார். இருந்தாலும் செய்துவிடலாம் என்றார்.

எனக்குச் சில நாட்கள் ஊசி போட்டார்கள். குருத்தணுக்கள் மஜ்ஜையை விட்டு ரத்தத்துக்கு வந்தன. ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், அவை மட்டும் பிரிந்து, மிச்சம் மறு கைக்குத் திரும்பியது. எலும்பை யாரும் தொடவில்லை. உள்ளங்கையளவுப் பை ஒன்று நிறைந்தது. அன்று மாலையே அதை அண்ணனுக்கு ஏற்றினார்கள்.

குருத்தணுக்கள் தானாக மஜ்ஜைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டன. சில வாரங்களில் வெள்ளையணு ஏறியது. அண்ணன் வீட்டுக்கு வந்தான். முகக்கவசமும் வெந்நீருமாக ஒரு அறையில் இருந்தான். நான் வாராவாரம் போய்வந்தேன். பி பாசிட்டிவ்வாக இருந்தவன் சில மாதங்களில் என்னைப்போல ஓ பாசிட்டிவ் ஆனான். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இனி ஒன்னய மாதிரி எனக்கும் மூக்குக்கு மேல கோவம் வரும். வீட்டுல சொல்லி வை" என்றான். அண்ணி சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்பைக் கேட்டது அதுதான் கடைசி.

என் அணுக்களுக்கு நடுவே அவனுடைய பழைய அணுக்கள் சில தப்பியிருந்தன. மாறவேண்டியபடி மாறாமல், பிரிவதை மட்டும் செய்துகொண்டிருக்கும் அணுக்கள். அவை பெருகின. இன்னொரு முறை மருந்தை அவன் உடல் தாங்கவில்லை.

முதல் முறை நோய் அடங்கியிருந்த மாதங்கள்தான் நல்ல நேரம் என்று டாக்டர் சொன்னார். அப்போதே செய்திருந்தால் பிழைத்திருப்பான் என்று அவர் சொல்லவில்லை. நானும் அப்படி எழுத மாட்டேன்.

அடக்கம் முடிந்து வந்த அன்று முற்றத்தில் யார் யாருக்கு எத்தனை நாள் தீட்டு என்ற பேச்சு வந்தது. பங்காளிகளுக்குக் கருமாதி வரைக்கும், கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மூன்று நாள் என்று பெரியப்பா வழக்கத்தைச் சொன்னார். போலீஸ்காரன் மொட்டைத் தலையோடு சுவர் ஓரமாக நின்றிருந்தான்.

"அவன் ஒடம்புல கடைசியா ஓடுனது அக்கா ரத்தம்ப்பா" என்றான்.

பெரியப்பா தரையைப் பார்த்தபடி பேசினார். "தெரியும்ல. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். குரலில் கண்டிப்பு இல்லை. மூன்றாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

கொடுத்தவர்களும் சில காலம் ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவமனையில் முன்பே சொல்லியிருந்தார்கள். கருமாதி முடிந்த பிறகு இங்கே ஒரு லேபில் கொடுத்தேன். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் இருக்கவேண்டிய அளவில் இருந்தன. கொடுத்தது முழுவதையும் மஜ்ஜை எப்போதோ ஈடுசெய்திருந்தது. எடுத்த சுவடே இல்லை. லேபில் இருந்த பெண், கவலைப்பட ஒன்றும் இல்லை, எல்லாம் நார்மல் என்றாள்.