ஒரு குப்பிக்கு நாலு பேர்

குரங்கு என்னைத் தாக்கியது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். என் மனைவி அதை ஒப்புக்கொள்வதில்லை. நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தின் ஒரு முனையைக் குரங்கும் மறுமுனையை நானும் பிடித்து இழுத்தோம், இருவரில் விவரம் கம்மியான ஆள் கடைசிவரை விடவில்லை என்பது அவள் கட்சி.

தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்து மணிக்குத்தான் ஷட்டரைத் தூக்குவேன் என்பதால், சாரல் சீசன் தொடங்கிவிட்டால் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவது வழக்கம். அன்றும் குளித்து முடித்து, ஈரத்துண்டோடு, சூடான சிப்ஸோடு, உலகத்தில் ஒரு குறையும் இல்லாதவனாக நடந்து வந்தேன். பிறகு நடந்ததைத்தான் மேலே சொன்னேன். பொட்டலம் குரங்குக்கு, வலது ஆள்காட்டி விரலில் ஒரு கீறல் எனக்கு.

பெரிய கீறல் ஒன்றும் இல்லை. இரண்டு அரிசியை நீளவாக்கில் வைத்தால் மறைந்துவிடும். விரலைப் பிழிந்து பார்த்தேன், ரத்தம் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு சந்தோஷப்பட்டிருப்பார்கள். நானோ, உள்ளே என்னவோ போயிருக்கிறது, அதனால்தான் ரத்தம் வெளியே வரப் பயப்படுகிறது என்று முடிவுகட்டினேன். போனை எடுத்துத் தேடினேன். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாகக் கிடையாது, வராமல் தடுக்கத்தான் முடியும் என்று போட்டிருந்தது. அதில் விளையாட்டே இல்லை, அது உண்மை. அதற்குக் கீழே, நோய் முற்றினால் தண்ணீரைக் கண்டாலே பயம் வரும் என்றும் போட்டிருந்தது. அருவியை நிமிர்ந்து பார்த்தேன். ஐந்து கிளையாக, இடி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. பயமாகத்தான் இருந்தது.

முதலில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லியிருந்தது. பையில் வீட்டுக்கு வாங்கிய சோப்பு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அருவிப் பக்கம் திரும்பியதும் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, சோப்ப உள்ள வைங்க. போடக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்குல்லா?"

"குரங்கு பிறாண்டிட்டு சார். உயிர் போற விஷயம்."

என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கன?"

காட்டினேன்.

"இதா? அந்தா அங்கன பைப்பு இருக்கு, கால் மணி நேரம் நல்லா நுரைக்கக் கழுவுங்க. கழுவிட்டு நேரா கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. சின்னதுன்னு விட்டுராதீய. போன சீசன்ல எனக்கே ஊசி போட்டாங்க."

கால் மணி நேரம் என்றால் நான் அரை மணி நேரம் கழுவினேன். விரல் ஊறிப்போய் வேறு யாருடைய விரலோ மாதிரி ஆகிவிட்டது. நடுவில் மனைவிக்குப் போன் போட்டேன்.

"என்னைக் குரங்கு பிறாண்டிட்டு," என்றேன், குரல் தழுதழுக்க.

"குரங்குக்கு ஒண்ணும் இல்லியே?" என்றாள். பிறகு அவளே, "ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா, இன்னும் விரலைப் பாத்துக்கிட்டுதான் நிக்குதீங்களா?" என்று அதட்டினாள்.

பக்கத்தில் இருந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டரம்மா ஒரு நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டார். ரத்தம் வராத கீறல், தடுப்பூசி மட்டும் போதும், நாலு தேதிகளில் வர வேண்டும். சீட்டை எடுத்துக்கொண்டு ஊசி போடும் சிஸ்டரிடம் போனேன். அறையில் வேறு யாரும் இல்லை.

"உக்காருங்க அண்ணாச்சி. ஒரு குப்பியக் கலக்கினா நாலஞ்சு பேருக்குப் போடலாம். கலக்கிட்டா அன்னைக்கே தீத்துரணும், மிச்சத்தக் கீழதான் ஊத்தணும். சீசன்ல்லா, அரை மணி நேரத்துல ஆளு வந்துரும். வரலைன்னா உங்களுக்கு மட்டுமே திறந்து போட்டுருதேன். பயப்படாதீய."

இதைவிடத் தெளிவாக ஒருவர் பேச முடியாது. நானும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்து, விரல் நுனியிலிருந்து மூளைக்கு எவ்வளவு தூரம் என்று சாணால் அளந்து பார்த்தேன். தோள்பட்டையைத் தாண்டியபோது எழுந்துவிட்டேன். என் பிழைப்பே, ஒரு மனுவுக்கு நாலு நகல் கேட்கிற அரசாங்கத்தோடுதான். அது நாலு ஆள் கேட்டால் நாமே கொண்டுபோய் இணைத்துவிட வேண்டியதுதானே?

வெளியே ஒரு சுற்றுலா வேன் நின்றது. ஜன்னல் பக்கம் போய், "உங்கள்ல யாரையாவது குரங்கு கடிச்சிருக்கா?" என்று பணிவாகத்தான் கேட்டேன். ஒரு அம்மா கண்ணாடியை இழுத்து மூடிவிட்டார்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பஜ்ஜிக் கடை. கடைக்கார அக்கா வாழைக்காயைச் சீவிக்கொண்டிருந்தார், என் வயதுதான் இருக்கும். இடது கெண்டைக்காலில் பழைய துணியால் ஒரு கட்டு.

"காலுல என்னக்கா?"

"நாயி. முந்தாநாளு."

ஒரு ஆள் சிக்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன், மறைப்பானேன். "ஊசி போட்டாச்சா?"

"ஊசி எதுக்கு? மஞ்சளும் காப்பித்தூளும் வச்சுக் கட்டியாச்சு," என்றபடி கட்டைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். நாலு பல்லும் ஆழமாக இறங்கியிருந்தன. சுற்றிலும் கறுத்து வீங்கியிருந்தது. நான் என் விரலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"நாயி இப்பம் எங்கன?"

"நேத்துலேருந்து கண்ணுலயே படல."

எனக்கு மறுபடியும் பயம் வந்துவிட்டது. இந்த முறை அது என் விரலுக்காக இல்லை. "யக்கா, எதித்தாப்லதான ஆஸ்பத்திரி. வாங்க, போட்டுக்கிடலாம்."

"போங்க அண்ணாச்சி. தொப்புளச் சுத்திப் பதினாறு ஊசி. எங்க மாமனாருக்குப் போட்டப்ப மனுசன் கிடந்த கிடைய நான் பாத்திருக்கேன். சீசனே ரெண்டு மாசம், நான் கடையப் பூட்டிட்டுப் படுக்கவா?"

"அதெல்லாம் அந்தக் காலம். இப்பம் கையிலதான் போடுதாங்க. நாலே தடவ."

"நீங்க டாக்டரா?"

"ஜெராக்ஸ் கடை."

"அதான பாத்தேன்." வாழைக்காயை மாவில் தோய்த்தார். "அவ்வளவு லேசான ஊசின்னா நீங்க போட்டுக்கிடாம ரோட்டுல என்ன செய்யுதீய?"

குப்பி, நாலு பேர், கீழே ஊற்றுவது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். நாக்கு குழறியது. நெற்றியில் வேர்வை. அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "ஏ அண்ணாச்சி, ஊசின்னா பயமா? துணைக்கு ஆளு தேடிக்கிட்டா அலையுதீய?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார். "ஆமாக்கா," என்றேன். அதில் பொய்யும் பெரிதாக இல்லை.

"நல்ல ஆம்பளை," என்று அடுப்பை அணைத்தார். "வாங்க. வந்து பக்கத்துல நிக்கேன். போட்டுட்டு ஓடிரணும், எனக்கு வியாபாரம் கிடக்கு."

சாலை இருபதடி அகலம் இருந்தால் அதிகம். எங்கோ கிளம்பி, ஐஸ் பெட்டியில் மாறி மாறி ஏறி, குளிர் கெடாமல் அந்த மருந்து சாலையின் ஒரு பக்கம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மிச்ச இருபதடிக்குத்தான் ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது.

உள்ளே போனால், சிஸ்டர் சொன்னபடியே மூன்று பேர் புதிதாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஆள் பிடிக்கப் போயிருக்கவே வேண்டாம். அக்காவின் காலைப் பார்த்ததும் சிஸ்டர் என்னை விட்டுவிட்டு அவரிடம் குனிந்தார்.

"இது என்னைக்குள்ளது?"

"முந்தாநாளு. நான் இவருக்குத் துணைக்கு..."

"நீங்க முதல்ல வாங்க."

டாக்டரம்மா காயத்தைக் கழுவ வைத்தார். கையில் போடும் தடுப்பூசி மட்டும் இதற்குப் போதாது, காயத்தைச் சுற்றி உள்ளேயே ஒரு மருந்து போட வேண்டும், அது தென்காசி அரசு மருத்துவமனையில்தான் வைத்திருப்பார்கள் என்றார். சிஸ்டர் அங்கே போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். அந்த மணிச்சத்தத்தை எண்ணிக்கொண்டே நின்றேன். இல்லை என்று சொல்லிவிட்டால் திருநெல்வேலிக்கா, அங்கேயும் இல்லை என்றால் எங்கே என்று என் புத்தி மதுரை வரைக்கும் போய்விட்டது.

"இருக்கா?... ஆமா, ரெண்டு நாளு ஆயிட்டு... சரி, இப்பமே அனுப்புதேன்." போனை வைத்துவிட்டு, "இருக்காம்," என்றார்.

ஒரு சொல்லுக்காக யாரையும் கும்பிட்டதில்லை நான். அன்று கும்பிட்டேன். சிஸ்டர், "அக்காவுக்குப் போட்டாச்சு, உங்களுக்கு இன்னும் போடல அண்ணாச்சி, உக்காருங்க," என்றார். இரண்டு கையிலும் தோலோடு ஒட்டி இரண்டு குத்து. எறும்பு கடித்த மாதிரி இருந்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் எறும்பு கூடக் கடிக்காத மாதிரி வைத்துக்கொண்டேன்.

அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு தென்காசிக்குக் கிளம்பினேன். கோயில் கோபுரம் தெரிய ஆரம்பித்தபோது அக்கா முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்:

"அண்ணாச்சி, அந்த நோவு வந்தா கட்டித்தான் போடணுமாமே?"

காலையில் நான் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. "ஊசி போட்டா வராதுக்கா," என்றேன். காற்றில் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவர், "சரி, கேட்டுட்டு, ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றார்.

மருத்துவமனையில் ரொம்ப நேரம் ஆயிற்று. நான் மரத்தடியில் நின்று, கடை திறக்காததற்கு வந்த போன்களையெல்லாம் எடுக்காமல் இருந்தேன். அவர் நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "உயிர் போயிட்டு வந்துச்சு," என்றார். பிறகு, "காசே கேக்கல அண்ணாச்சி. எவ்வளவுன்னு ரெண்டு தடவ கேட்டேன், போம்மான்னுட்டாங்க," என்றார், என்னவோ தான் எதையோ திருடிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி.

அடுத்த ஊசிக்கு மூன்று நாள் இடைவெளி. அந்த மூன்று நாளும் எனக்கு ஒரே கவலை, அவர் வருவாரா என்று. காயம் ஆறிவிட்டால் ஊசி எதற்கு என்று நினைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், என் வீட்டுக் கண்ணாடியிலேயே. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது போய்விட வேண்டும் என்று ஒன்பது மணிக்கெல்லாம் பஜ்ஜிக் கடை முன்னால் போய் நின்றேன். கடை பூட்டிக் கிடந்தது. அடுப்பு ஏற்றின அடையாளமே இல்லை.

பக்கத்தில் மங்குஸ்தான் விற்கிறவரிடம் ஓடினேன். "அந்தக்கா எங்க? காய்ச்சலா? தண்ணி குடிச்சாங்களா?"

அவர் பழத்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார். "என்ன அண்ணாச்சி உளறுதீய? எதுக்க பாருங்க. எட்டரைக்கே போயி உக்காந்துருக்கா."

சாலையைத் தாண்டினேன். பெஞ்சில் முதல் ஆளாக, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அக்கா.

"வாங்க, வாங்க. ஒருத்தரு பயந்து ஓடியிருப்பாருன்னு இப்பத்தான் சிஸ்டர்ட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். யாரும் சொல்லாமலே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனார். அவர் உட்கார்ந்திருந்த இடம் இளஞ்சூடாக இருந்தது. அதிலேயே உட்கார்ந்தேன்.