தும்பாட் போக நாலு பேர்

இதை நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. ஆனால் நடந்தது. போன டிசம்பரில், கிள்ளானில், எங்கள் வீட்டு வாசல் கேட்டில் நடந்தது. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவன். யாருக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று சொல்வதுதான் என் பிழைப்பு. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "முதல்ல கண்ணைக் காட்டுங்க" என்று கிண்டல் செய்வேன். இப்போது செய்வதில்லை.

என் மனைவி மலர்விழிக்கு வாசு என்று ஒரு தம்பி. அவனுடைய மனைவி தாமரை ஏப்ரல் மாதம் டெங்குவில் போய்விட்டாள். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவள் அந்த வாரமே இல்லை. வாசுவை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். வேலையை விட்டுவிட்டான். தட்டில் போட்ட சோறு அப்படியே காய்ந்துகிடக்கும். ராத்திரியெல்லாம் அழுவான், சுவர் வழியாக எங்களுக்குக் கேட்கும். மலர் எழுந்து போய், தம்பிக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுப்பாள். இவனும் நம் கையை விட்டுப் போய்விடுவானோ என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த பயம். அதற்கு மேல் ஒரு பயம் இருக்க முடியும் என்று அப்போது தெரியாது.

இடத்தை மாற்றிப் பாருங்கள் என்றார் டாக்டர். எனக்கு டிசம்பரில்தான் லீவு கிடைத்தது. பள்ளி விடுமுறை நேரம், பினாங்கு, கேமரன் மலை எங்கேயும் அறை இல்லை. மலர் போனில் தேடித் தேடி ஒரு மர வீட்டைக் கண்டுபிடித்தாள். வடகிழக்குக் கோடியில், கிளந்தான் மாநிலத்தில், தும்பாட் கடலோரத்தில். பக்கத்து ஆற்றைத் தாண்டினால் தாய்லாந்து. டிசம்பரில் அங்கே அடைமழை, யாரும் போக மாட்டார்கள், அதனால்தான் காலியாகக் கிடந்தது.

"நம்ம நாட்டுல குளிர்காலம்னு ஒண்ணு இருந்தா அது அங்கதான்லா. வெறைச்சுப் போயிடுவோம்" என்றேன்.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த வாசு, மலர் போனில் இருந்த படத்தை எட்டிப் பார்த்தான். "கடல்" என்றான். பல வாரங்களில் அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. மலர் அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டாள்.

ஒரே ஒரு சிக்கல். நாங்கள் மூன்று பேர். மூன்று பேராக எங்கேயும் கிளம்பக் கூடாது என்பது மலர் வீட்டுப் பழக்கம். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு கல்லையாவது எடுத்துப் பையில் போட்டு நாலாக்கிக்கொள்வார்கள். கூட வர யாருக்கும் லீவு இல்லை. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வாசு விஷயத்துல நான் எதையும் விட மாட்டேங்க" என்றாள்.

அந்த மர வீட்டுக்கார மலாய் அம்மாவை எல்லோரும் மக் சூ என்று கூப்பிடுவார்களாம். மலர் அவருக்குப் போன் போட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் நாலு பேர் என்று சொல்லிவிட்டாள். மக் சூ பேர்களைக் கேட்டார். பேர் தெரியாதவர்களுக்கு அவர் சமைப்பதில்லையாம். மலர் எங்கள் மூன்று பேரையும் சொன்னாள். கொஞ்சம் நிறுத்தினாள்.

"நாகையா."

போனை வைத்ததும், "யாரு மலர் அந்த நாகையா? எனக்குத் தெரியாம?" என்று சீண்டினேன்.

"எனக்கும் தெரியலங்க. வாயில வந்துச்சு."

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. வாசுவுக்கு இது எதுவும் கேட்டிருக்க வழியில்லை.

அடுத்த நாள் மக் சூவே கூப்பிட்டார். உங்கள் நாலாவது ஆள் போன் செய்தார், வாசு பக்கத்தில் தனக்குக் கட்டில் போடச் சொன்னார், எங்கள் ஊர் மலாய் நன்றாகப் பேசுகிறார் என்றார். மலர் யாரையோ விட்டு விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் நான்தான் என்று நினைத்திருக்கிறாள்.

அன்று இரவு வாசு தானாக எழுந்து வந்து சாப்பிட உட்கார்ந்தான். முகம் கழுவியிருந்தான்.

"அக்கா, இன்னொரு தோசை போடு."

மலர் ஓடிப் போய் மாவை ஊற்றினாள்.

"அங்க காத்து பலமா இருக்குமாம். ஜாக்கெட் எடுத்துக்கணுமாம். நாகையா அண்ணன் சொன்னாரு" என்றான்.

அடுப்படியில் மலர் என் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பேரை நீங்க சொன்னீங்களா?"

"நீ சொல்லலையா?"

இரண்டு பேரும் சொல்லவில்லை. வாசுவிடம் கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். மலர் விடவில்லை.

"அவன் சாப்பிடுறாங்க. கெடுத்துடாதீங்க."

நான் கேட்கவில்லை. நீங்களாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அந்த வாரம் முழுக்க வாசு தேறிக்கொண்டே வந்தான். சவரம் செய்தான். பையை எடுத்து வைத்தான். பொறுக்க முடியாமல் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அவரை எங்கடா பார்த்தே?"

"நம்ம கேட்டுலதான் மாமா. சாயங்காலம் மசூதியில மக்ரிப் பாங்கு சொல்றப்ப வருவாரு."

"உள்ள கூப்பிட வேண்டியதுதானே?"

"நீங்க கூப்பிடலையாம்."

யாரோ ஏமாற்றுக்காரன், பையனின் துக்கத்தை மோப்பம் பிடித்து வருகிறான் என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை கடையிலிருந்து சீக்கிரமே கிளம்பி கமியூட்டர் ரயிலைப் பிடித்தேன். ஏழு மணிக்குள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். கொட்டும் மழை. தெரு விளக்கு எரிந்தது. கேட் தெளிவாகத் தெரிந்தது.

ஏழு பத்து. பாங்கு சத்தம்.

கேட் சங்கிலி... கிளிங் என்றது.

வாசு குடையோடு வெளியே போனான். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றான். குடையை அந்தப் பக்கம் நீட்டினான்.

அவன் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தான். குடைக்குக் கீழே... யாரும் இல்லை.

ஒருவரை நனையாமல் பார்த்துக்கொள்வதுபோல, குடையை அப்படி இப்படிச் சாய்த்துப் பிடித்தான். தலையாட்டினான். சிரித்தான்.

கூடவே இன்னொரு சிரிப்பும் கேட்டது.

என் கண்ணில் கோளாறு இல்லை. மறுநாள் கடையில் சோதித்துப் பார்த்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி மலரிடம் சொன்னேன். அவள் அழுதாள். "நாம எல்லாரும் சேர்ந்து சனிக்கிழமை விடியக்காலையில கெளம்பிடுவோம். போயிட்டா சரியாயிடும்" என்றாள். அவள் குரலில் நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். சாவி என் சட்டைப் பையில்.

மழை விட்டிருந்தது. தவளைச் சத்தம்கூட இல்லை.

வாசு அறையிலிருந்து வந்தான். ஜாக்கெட் போட்டிருந்தான். கையில் பை.

"எங்கடா?" என்றாள் மலர்.

"அண்ணன் இன்னைக்கே கெளம்பலாங்கறாரு. நாங்க ரெண்டு பேரும் முன்னால போறோம்."

"நாளைக்குத்தானே..."

"அங்க போனா அழ வேண்டாமாம் அக்கா."

பாங்கு ஆரம்பித்தது.

கிளிங்... கிளிங்...

சங்கிலி தானாக ஆடியது. பூட்டு அசையவில்லை.

வாசு ஓடினான். நாங்களும் ஓடினோம். கேட் கம்பியை அவன் பிடித்தான். மலர் பின்னாலிருந்து அவனைக் கட்டிக்கொண்டாள். நான் தோளைப் பிடித்து இழுத்தேன்.

அவன் வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ இழுக்கிறார்கள்.

"யாருமில்ல!" மலர் கத்தினாள். "நாலாவது ஆளே கிடையாது! நாங்க மூணு பேர்தான்!"

சங்கிலி நின்றது.

பாங்கும் முடிந்தது.

இருட்டிலிருந்து ஒரு குரல். வயதான, மரியாதையான குரல்.

"சரிம்மா."

அவ்வளவுதான்.

பிறகு ஈரத் தார் ரோட்டில் செருப்புச் சத்தம்... சளக்... சளக்... தள்ளிப் போனது.

ஒருவருடையது இல்லை.

இரண்டு பேருடையது.

வாசு எங்கள் கையில்தான் இருந்தான். உடம்பு ஐஸ் மாதிரி ஆகியிருந்தது.

விடிந்ததும் அவனே எழுந்து வந்து, பசிக்கிறது என்றான். நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தேன், இரண்டு பொட்டலம் சாப்பிட்டான். தும்பாட் பேச்சையே எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கவில்லை. வரவில்லை என்று மக் சூவுக்குச் செய்தி அனுப்பினேன், போய்ச் சேரவே இல்லை. கிளந்தானில் வெள்ளம், போன் வேலை செய்யவில்லை என்று டிவியில் காட்டினார்கள். அந்த வாரமே வாசு பழைய வேலைக்குத் திரும்பினான். இரவில் அழுகைச் சத்தம் இல்லை. மலர் பத்துமலைக்குப் போய் முருகனுக்குப் பால் குடம் நேர்ந்துகொண்டு வந்தாள். தம்பி பிழைத்துவிட்டான் என்று எல்லோரிடமும் சொன்னாள். நான் அவ்வளவு நிம்மதியாக இருந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ஒரே ஒரு விஷயம்தான். ஞாயிற்றுக்கிழமை மலர் தாமரையின் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். வாசு பின்னால் நின்று பார்த்தான்.

"அழகா இருக்காங்க. யாருக்கா இவங்க?"

மலர் கையிலிருந்த பூ கீழே விழுந்தது. டாக்டரைக் கேட்டோம். தாங்க முடியாத துக்கத்தை மனசு சில நேரம் மூடிவிடும், மெல்லத் திரும்பும் என்றார். நம்பினோம். எங்களுக்கு அதை நம்பவேண்டியிருந்தது.

புது வருடம் பிறந்து மூன்றாம் நாள். இரவுச் சாப்பாடு. மக் சூவின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

மலாயில் படபடவென்று பேசினார்.

"எப்ப வர்றீங்க? இவ்வளவு நாளா லைன் இல்ல, உங்களைப் பிடிக்க முடியல. அந்த ரெண்டு பேரும் நீங்க சொன்ன சனிக்கிழமை விடியக்காலையிலயே வந்துட்டாங்க. பெரியவரு அன்னைக்கே போயிட்டாரு."

நான் போனருகே குனிந்தேன். "எந்த ரெண்டு பேரு மக் சூ?"

"நாகையாவும் வாசுவும்தான். இந்தப் பையன் இன்னும் இங்கதான் இருக்கான். கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கான். சாப்பிட மாட்டேங்கறான். ராத்திரியெல்லாம் தாமரை, தாமரைன்னு அழறான். எனக்குப் பயமா இருக்கு. சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போங்க."

அவருக்குப் பின்னால் காற்று. அலைச் சத்தம்.

அதற்கும் பின்னால்... ஓர் அழுகை.

எட்டு மாதம் சுவர் வழியாகக் கேட்ட அழுகை. எனக்கு எப்படித் தெரியாமல் போகும்?

"அக்கா... அக்கா..."

மலர் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

எங்கள் எதிரில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த வாசு, நிமிர்ந்து போனைப் பார்த்தான்.

"பாவம். யாருக்கா அது, அழறது?"