வலது சுவர் வீரன்

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் ஒரு கேமிங் சென்டரில் அடி வாங்கினேன். நல்ல அடி. அடி விழுந்தது ஸ்க்ரீனில் இருந்த ஆளுக்குத்தான் என்றாலும் வலி எனக்கு.

நாற்பது தாண்டியவனுக்கு வீடியோ கேமில் என்ன சண்டை என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு சீட்டுக்காகத்தான். பஸ் சீட்டு.

தினமும் காலையில் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வேலைக்குப் போகிறேன். எனக்கு ஜன்னல் வேண்டும். இல்லாவிட்டால் வாந்தி வரும். முன்னால் இருப்பவரின் முதுகுக்கு உத்தரவாதம் கிடையாது. என் ஆபீஸிலேயே வேலை பார்க்கும் முரளி, சித்தூர் பக்கத்துக் குடிபாலாக்காரன். அவனுக்கும் ஜன்னல் வேண்டும்... தலை சாய்த்துத் தூங்க. எங்கள் ரூட்டில் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டால் சீட் உறுதி. ஒரு நாள் வெயில் படாத ஒரே ஜன்னல் சீட்டில் இரண்டு கர்ச்சீப் விழுந்தன.

"நான்தான் மொதல்ல போட்டேன்" என்றேன்.

"உங்க கர்ச்சீப் மேல இருக்குதுண்ணா. அப்ப கீழ கீறது யார்தாம்?"

கடைசியில் ஒரு சண்டை வீடியோ கேமில் தீர்த்துக்கொள்வது என்று முடிவானது. ஜெயிப்பவருக்கு ஒரு மாதம் அந்த ஜன்னல்.

எனக்குத் தெம்பு இருந்தது. காரணம், ஒரு காம்போ, அதாவது அடுத்தடுத்து விழும் அடிகளின் கோர்வை. வீட்டில் விளையாடும்போது போன் அடித்தது. கட்டை விரல் வழுக்கியது. என் ஆள் உதைத்த உதையில் எதிராளி சுவரில் மோதித் திரும்பி வந்தான். அந்தரத்தில் இருந்தவனைத் தொடர்ந்து குத்தினேன். பாதி உயிர் காலி!

தற்செயலாக வந்ததைத் தெரிந்து செய்ய வேண்டாமா? பிராக்டிஸ் மோடில் உட்கார்ந்தேன். எதிராளி சுவரோரம் இருக்க வேண்டும், எகிறியிருக்க வேண்டும், எகிறும்போது கையையும் வீச வேண்டும். மூன்றும் பொருந்தினால்தான் காம்போ விழும். கல்யாணத்துக்கே இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை.

பிராக்டிஸ் மோடில் எதிராளியாக வரும் பொம்மை மரம் மாதிரி நின்றது. அதை எகிற வைக்க ஏதோ செட்டிங் உண்டாம், எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு கன்ட்ரோலரை என் மனைவி செல்வியிடம் கொடுத்தேன்.

"எகிறட்டா?"

"நான் சொல்றப்ப எகிறு."

"சண்டையில அவன்கிட்டயும் இப்படித்தான் சொல்லுவீங்களா?"

கலைஞர்கள் விமர்சனத்துக்குச் செவிசாய்ப்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஏங்க, எப்பவும் வலது பக்கச் சுவருக்கே தள்ளினு போறீங்க. அந்தாண்ட சுவரு இல்லியா?" என்றாள்.

"இது டெக்னிக்கல் விஷயம்" என்றேன்.

ஞாயிறு வந்தது. கேமிங் சென்டரில் இரண்டு நாற்காலிகள். இடது நாற்காலியில் உட்கார்ந்தால் நம் ஆளும் இடப்பக்கம் நிற்பான், எதிராளியை வலது சுவருக்குத் தள்ளலாம். அந்த இடது நாற்காலியில்... ஒரு கர்ச்சீப் கிடந்தது.

முரளி டீ குடித்துவிட்டு நிதானமாக வந்தான். "பழக்கதோஷம்ணா" என்றான்.

எங்கள் ரூட்டில் கர்ச்சீப்பை மீறியவன் இல்லை. வலது நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்த கேமில் பக்கம் மாறினால் பட்டன் அழுத்தும் திசையும் மாறும். வலப்பக்கம் அழுத்த வேண்டியதை இடப்பக்கம் அழுத்த வேண்டும். எதிராளியைத் தாண்டிக் குதித்துப் பக்கம் மாறலாமே என்பீர்கள். குதித்தேன். ஒவ்வொரு முறையும் முரளி காத்திருந்து உதைத்தான். அவனுக்குத் தெரிந்ததே அந்த ஒரு உதைதான்.

ஆளுக்கொரு ரவுண்டு ஜெயித்து, கடைசி ரவுண்டு. முரளியை இடது சுவரோரம் தள்ளிவிட்டேன். எகிறினான். கையை வீசினான். மூன்று பொருத்தமும் கூடி வந்தன! என் விரல்கள் பழகியதைப் பிசகாமல் செய்தன... வலது சுவருக்கு உரியதை. என் ஆள் ஓரடி பின்னால் போய்க் காற்றைக் குத்தினான்.

"இன்னாண்ணா, கொசு அடிச்சிக்கினு இருக்கீங்க?" என்ற முரளி தரையில் இறங்கி வந்து அதே உதையைக் கொடுத்தான். முடிந்தது.

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லாருமே இந்த ரகம்தான். சம்பள உயர்வு கேட்கக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கிறோம். கண்ணாடிக்குள் இருக்கும் மேனேஜர் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்கிறார். அசல் மேனேஜரோ நாம் வாயைத் திறப்பதற்குள், "அந்த ரிப்போர்ட் என்னாச்சு?" என்கிறார். அவ்வளவுதான், கொசு அடிக்க ஆரம்பித்துவிடுகிறோம். எதிராளிக்கும் ஒரு புத்தி இருக்கும் என்பதை மட்டும் யாரும் பிராக்டிஸ் பண்ணுவதில்லை.

திங்கட்கிழமை. ஜன்னலோரம் முரளி வாய் பிளந்து தூங்கினான். நான் பிளாஸ்டிக் கவரைப் பையில் வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றேன். ஸ்டாப்புக்கு ஸ்டாப் கூட்டம் ஏறியது. "லோபலிகி ஜரகண்டி சார்" என்று தெலுங்கில் கண்டக்டர் உள்ளே நகரச் சொல்லித் தள்ளிக்கொண்டே இருந்தார். சந்திரகிரி வருவதற்குள் என் முதுகு பஸ்ஸின் கடைசிச் சுவரில் ஒட்டியிருந்தது.

முரளிக்கு ஒரே உதை மாதிரி, கண்டக்டருக்கும் அந்த ஒரே வசனம்தான். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.