மாமாவின் பெஞ்சும் என் கணக்கும்

மர இணைப்புகள் எந்த எடையில் உடையும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் ஆராய்ச்சி. இராஜபாளையத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் அதைச் சொன்னால், "ஒடைக்கதுக்கு ஒரு படிப்பா?" என்பார் அத்தை, என் மாமியார்.

சோதித்துப் பார்க்க வாகாகக் கிடைத்தது, வாசலைப் பார்த்துக் கிடந்த மரப்பெஞ்சு. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற என் மாமனாரின் சிம்மாசனம். தெருவில் போகிற எவரும் அவருக்குப் பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. பெஞ்சின் கால் மரச்சட்டத்துக்குள் இறங்கும் இடத்தை அளந்துகொண்டு அவர் எடையை அத்தையிடம் கேட்டேன்.

"அவிய எடையா? எண்பத்தெட்டு. சாப்பிடுததுக்கு முந்தி."

உடையும் இடத்தைத் திரை சிவப்பில் காட்டும். இணைப்பு முழுக்கச் சிவந்தது. அறுபது கிலோவே தாங்காதாம். பதினைந்து வருஷமாக அதில் உட்கார்ந்திருந்த சாட்சி எதிரிலேயே இருந்தார். நான் சிவப்பைத்தான் நம்பினேன்.

"மாமா, இனிமே இதுல உக்காராதீக."

அவர் முகம் வாடியது. எனக்கோ ஓர் உயிரைக் காப்பாற்றிய பெருமை. அன்று முதல் அவர் கொல்லைப்புறத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

காலியான பெஞ்சில் அத்தை மூன்று சிப்பம் அரிசியை அடுக்கினார். எழுபத்தைந்து கிலோ. ஒரு வாரமாகியும் பெஞ்சு முனகக்கூட இல்லை. கணக்கைத் திறந்து பார்த்தால், காலில் நீளவாக்கில் ஓட வேண்டிய மரநாரைக் குறுக்கே ஓட விட்டிருந்தேன். எந்த ஆசாரியும் தூக்கத்தில்கூட அப்படி ஒரு கால் செதுக்க மாட்டார். திருத்தியதும் சிவப்பு போய்விட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிவந்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"இதையும் கம்ப்யூட்டர்ல போட்டுட்டுத் திங்கவா?" என்று சிரித்தார் மாமா. ஆனால் அரிசியை எடுத்துவிட்ட பெஞ்சின் நுனியில், இரண்டு கையையும் ஊன்றி, பாதி எடையைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். கணக்கைத் திருத்த எனக்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது. அவர் பயத்தை எப்படித் திருத்துவதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மருமகள் மாமனார் பக்கத்தில் சரிக்குச் சமமாக உட்காரும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. போய் உட்கார்ந்தேன். அத்தை கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றுவிட்டார்.

சற்றுக் கழித்து மாமா கைகளை எடுத்தார். சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ரெண்டு பேரு எடையையும் சேத்துப் போட்டுப் பாத்தியாம்மா?"

"இல்ல மாமா."

"அப்ப எந்திரிக்காத. செத்த நேரம் பாப்போம்" என்றவர், தெருவில் போன யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார்.