மூத்தவளுக்கு நான் வைத்த பேர்

அப்போது சிவகாசியில் தீப்பெட்டி ஒட்டும் வேலையில் இருந்தேன். மழைக்கு ஏங்கிக் கிடந்த எங்கள் ஊரில் மேகம் கறுத்து வந்த நாளில் பிறந்த மூத்தவளுக்குக் கார்முகில் என்று பேர் வைத்திருந்தேன். பள்ளியில் சேர்க்கப் போனபோது வாத்தியார் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கருப்பி என்று எழுதினார். "உங்க ஆளுகளுக்கு இது போதும்" என்றார். பயத்தில் வாய் திறக்காமல் வந்துவிட்டேன். அது என் தப்புதான்.

மூன்று வருஷம் கழித்து இளையவளைச் சேர்க்கப் போனேன். அதே வாத்தியாரிடம் பூங்கொடி என்று சொன்னேன்.

"அது பண்ணையார் பேத்தி பேருல்ல?"

"இருக்கட்டும்யா. கொடி யாரு வேலியிலயும் படரும். நீங்க எழுதுற வரைக்கும் இங்கனதான் நிப்பேன்."

மதியம் வரை நின்றேன். கடைசியில் எழுதினார். வெளியே வந்ததும் மூத்தவள் என் சேலையைப் பிடித்து, "அப்ப என் பேரும்மா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனேன்.

"இவ பேரையும் திருத்துங்கய்யா. கார்முகில்."

"ரெண்டும் கருப்புதான?"

"ஆமாய்யா. மேகம் கறுத்தாத்தான் பண்ணையார் காடும் வெளையும்."

அவர் பழைய பேரை அடித்துத் திருத்தினார்.

கருப்பு என்பதில் எனக்கோ என் மகளுக்கோ வெட்கமில்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் பேர் வைக்க நாங்கள் இருக்கிறோம்.