பத்தாயத்தில் கிடந்த கம்பளித் தொப்பி

தலையில் ஒரு பிரெஞ்சுக் கம்பளித் தொப்பி இருந்தால் மிராசுதார் வாசலில் நான் துண்டை அவிழ்க்க வேண்டியதில்லை என்று நம்பினேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். குடிக்கிற பழக்கம் கிடையாது. ஆகவே வேறு சமாதானம் எதுவும் சொல்ல முடியாது, சுத்தமான சொந்த முட்டாள்தனம்தான்.

இதற்கு நான் ஒரு தர்க்கம் வேறு வைத்திருந்தேன். தலையில் கட்டிய துண்டுக்கு எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வயலில் கட்டலாம், கடைத்தெருவில் கட்டலாம், மிராசுதார் வாசல் வந்தால் அது அவிழ்ந்து கக்கத்துக்குள் போய்விட வேண்டும். ஆட்சி மாறி, மேடைக்கு மேடை சுயமரியாதை பேசி, கரை வேட்டியும் தோள் துண்டுமாக ஊரே நிமிர்ந்து நடந்துகொண்டிருந்த காலம் அது. கூட்டம் முடிந்து வரும்போது நானும் நிமிர்ந்துதான் வருவேன். அந்த வாசலைக் கண்டதும் என் கை மட்டும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தலைக்குப் போய்விடும். அவருடைய நிலத்தில் பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர், எனக்குக் குத்தகை. கைக்கு அது தெரியும்.

தொப்பிக்கு அந்தச் சட்டம் கிடையாது. மிராசுதார் வாசலுக்கு யாரும் தொப்பி போட்டுக்கொண்டு போனதில்லை. போனதில்லை என்றால் கழற்று என்று சொல்லவும் வழக்கம் இல்லை. இதுதான் தர்க்கம். உச்சந்தலையில் எனக்கு அப்போது ஒரு தாம்பாளம் அளவுக்கு முடி போயிருந்ததும் ஒரு காரணம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். அவள் சொல்வது பொய்யில்லை.

தொப்பியைக் கொண்டுவந்தது அவளுடைய அண்ணன். காரைக்கால்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களைக் காரைக்காலில் 'சொல்தா' என்பார்கள். நன்னிலம் தாலுகாவில் நாங்கள் இருந்த ஊருக்கும் காரைக்காலுக்கும் ஒரு பஸ் தூரம். அந்த ஆடி மாதம் பிரான்சுக்குப் போய்த் திரும்பிய மச்சான், பெட்டியைத் திறந்து கறுப்பில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று, காப்பிக்கொட்டை நிறத்தில் ஒன்று என்று மூன்று வட்டங்களை எடுத்துப் பாய்மேல் பரப்பினார். மூன்று தோசை போலக் கிடந்தன.

"இதுக்குப் பேரு பெரே, மாப்ளே. எடுத்துப் பாருங்க" என்றார்.

"எது முன்பக்கம் மச்சான்?"

"முன்பக்கமே கிடையாது. போடுறவர் எந்தப் பக்கம் சாய்க்கிறாரோ அதான் பக்கம்."

அதன் பிறகு அவர் பேசியதை நிறுத்த முடியவில்லை. ஆட்டு ரோமத்தை நூற்றுத் தொப்பியாகப் பின்னுவார்களாம். அப்போது அது ஒரு சாக்கு அளவுக்குப் பெரிதாக இருக்குமாம். தண்ணீரில் போட்டு அடித்து அடித்துச் சுருக்கினால் இப்படிக் கெட்டியாகுமாம். "வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, ஒரு பொட்டு வெளிச்சம் தெரியுதா? அதான் நல்ல பெரே. இழை தெரிஞ்சா கடைக்காரன் மூஞ்சியில எறிஞ்சுட்டு வந்துரணும்." நடு உச்சியில் எலி வால் போல ஒரு சின்னத் துணுக்கு நின்றது. நூல் பிசிறு என்று நினைத்துக் கிள்ளப் போனேன். பிள்ளையைக் கிள்ளப்போனது போலப் பதறிவிட்டார். வால் போனால் அது பெரே இல்லையாம்.

"இது துரைமாருங்க போடுறதா?" என்று கேட்டேன். ஆசையோடுதான் கேட்டேன்.

"துரையா? அங்க ஆடு மேய்க்கிறவன், மாடு கறக்கிறவன், திராட்சைத் தோட்டத்துல வேலை பாக்கிறவன், அவன்தான் போடுவான். வெயிலும் தாங்கும், மழையும் தாங்கும்."

வெயில் தாங்கும் என்றவர் எந்த ஊர் வெயிலை என்று சொல்லவில்லை. அதைக் கேட்காமல் விட்டது என் தப்பு.

கறுப்பை எடுத்தேன். உள்ளே தோல் பட்டையில் ஐம்பத்தேழு என்று போட்டிருந்தது. என் தலை ஐம்பத்தொன்பது. நனைத்து ஒரு குடத்தின்மேல் இழுத்து மாட்டி வைத்தால் விரிந்து கொடுக்கும் என்றார் மச்சான். வீட்டில் அந்த அளவுக்கு இருந்தது சோற்றுப் பானை ஒன்றுதான். இரண்டு நாள் பானை தொப்பி போட்டுக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்திருந்தது. "எங்கண்ணன் உங்களுக்குக் குடுத்தாரா, என் பானைக்குக் குடுத்தாரா?" என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் மாட்டினேன். நெற்றியில் பட்டை இறங்கி, இடது காது மேல் சரிந்து, கண்ணாடியில் பார்க்க நன்றாகவே இருந்தது. வாசல் தாண்டி பத்தடி போவதற்குள் தலை வேகத் தொடங்கியது. வியர்வை புருவத்தில் இறங்கி, புருவத்திலிருந்து கண்ணுக்குள் போனது. உள்ளே அரித்தது. சொரிய வேண்டுமென்றால் கழற்ற வேண்டும், கழற்றினால் தாம்பாளம் தெரியும். அரிப்போடு மிராசுதார் வீட்டுக்குப் போனேன்.

அவர் வெளியே வரவில்லை. அவருடைய காரியஸ்தர் வந்தார். குத்தகைக்காரர்களைக் கவனிப்பது அவர் வேலை. என் தலையைப் பார்த்தார், கக்கத்தைப் பார்த்தார், மறுபடியும் தலையைப் பார்த்தார். என் தர்க்கம் வேலை செய்தது. எதைக் கழற்றச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"என்னய்யா இது, காரைக்கால் சொல்தா மாதிரி? பிரெஞ்சு சர்க்கார்லேர்ந்து உனக்கும் பென்ஷன் வந்துருச்சா?"

அங்கே வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஊரில் கிண்டல்காரன் என்று ஒரு பெயர் எடுத்துவிட்டால் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறதே.

"ஆமாங்க, மாசாமாசம் வருது. இனிமே சேத்துல யாரு இறங்குறது?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அது கூட உறைக்கவில்லை. நிமிர்ந்த தலையோடு வீட்டுக்கு வந்தேன்.

புரட்டாசியில் சம்பா நடவு. துண்டு கட்டிக்கொண்டு இறங்கியிருக்கலாம். வீறாப்புக்குத் தொப்பியோடுதான் இறங்கினேன். நடவு ஆட்களைக் கூட்டிவரும் அக்கா ஒருத்தி உண்டு. சிவப்புக் கொடி சங்கத்தில் இருப்பவள். கூலிப் பேச்சில் காரியஸ்தரையே முழி பிதுங்க வைப்பவள். பக்கத்து வயல்களில் நடும் நாளெல்லாம் அவளுக்கு என் தலைதான் பொழுதுபோக்கு.

"ஏ தம்பி, தலையில தோசை கருகுது, திருப்பிப் போடு!"

"இது பிரான்ஸ் தோசைக்கா."

"எந்த ஊரு தோசையா இருந்தா என்ன, தீயுற வாசம் வருதே!"

முப்பது பெண்கள் நாற்று முடியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். மழை பெய்தது. மச்சான் சொன்னது உண்மைதான், ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. ஆனால் நனைந்த கம்பளி, கிடையில் அடைத்த ஆட்டு மந்தை முழுவதும் என் தலையில் ஏறி நின்றது போல நாறியது. அப்போதும் அக்கா விடவில்லை. "தம்பி, பால் கறக்குமா?" என்றாள். நாற்றங்கால் தொடங்கி நடவு முடிகிற வரைக்கும் அந்தத் தொப்பியோடே குனிந்தேன், நிமிர்ந்தேன். எரிச்சலில் பாதி அவர்கள்மேல், பாதி தொப்பிமேல், மிச்சம் இருந்தால் என்மேல்.

ஐப்பசியில் காகிதம் வந்தது. குத்தகைக்காரர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றும் காலம் அது. பதிவு இருந்தால் நினைத்தபோது நிலத்தை விட்டு இறக்க முடியாது. நானும் மனு போட்டிருந்தேன். அதற்கு மிராசுதார் சார்பில் காரியஸ்தர் எழுதிய ஆட்சேபம் வந்திருந்தது. ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணம் படித்துச் சொன்னார். மனுதாரர் பிரெஞ்சு அரசாங்கத்தில் பென்ஷன் பெறுபவர், அந்நாட்டுத் தொப்பி அணிந்து திரிபவர், சேற்றில் இறங்குவதில்லை என்று தம் வாயாலேயே சொன்னவர். சட்டப்படி தன் உடலுழைப்பையோ குடும்பத்தார் உழைப்பையோ போட்டுப் பயிரிடுகிறவன்தான் குத்தகைக்காரன். ஆகவே இவர் குத்தகைக்காரர் அல்ல. ஒரு வாரம் கழித்து, ஊர்ச் சாவடியில் விசாரணை.

பன்னிரண்டு மாவும் போய்விட்டது என்றே முடிவு செய்தேன். என் நகைச்சுவை எழுத்தில் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு வரி கூட சிரிப்பாக இல்லை.

அந்த ஏழு நாளும் நான் செய்த காரியங்களை எழுதக் கூச்சமாக இருக்கிறது. தொப்பிதான் சாட்சி, தொப்பியை ஒழித்தால் வழக்கு இல்லை என்று தோன்றியது. கிணற்றில் போட்டேன். மிதந்தது. மனைவி வாளியில் இறைத்து எடுத்து, "தண்ணியெல்லாம் ஆட்டு வாசம்" என்று மூஞ்சியில் விட்டெறிந்தாள். காயவைத்து அடுப்பில் திணித்தேன். கம்பளி எரியாது என்பதை மச்சான் பெருமைகளில் சேர்க்க மறந்திருந்தார். ஓரம் பொசுங்கி, வீடு முழுக்க மயிர் கருகும் நாற்றம். மனைவி ஓடி வந்தாள்.

"ஏங்க, இருந்த நாலு முடியையும் கொளுத்திக்கிட்டீங்களா?"

கடைசியில் விதைநெல் பத்தாயத்துக்குள் அடியில் புதைத்தேன். விசாரணை அன்று காலை வயலுக்குப் போய் வேண்டுமென்றே முழங்கால் வரை சேறு பூசி, கழுவாமல், தலையில் இருப்பதிலேயே பழைய துண்டைக் கட்டிக்கொண்டு சாவடிக்குப் போனேன். அதிகாரி என் காலைப் பார்த்தார்.

"கழுவிட்டு வரக்கூடாதாய்யா? கோப்பெல்லாம் தரையில இருக்கு."

முதல் சாட்சியே சேறுதான் என்று நினைத்திருந்தேன். அதைத் துடைக்கச் சொல்லி ஒரு சாக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

சாட்சி சொல்ல நான் யாரையும் அழைக்கவில்லை. கூட்டத்திலிருந்து அக்கா தானாக எழுந்து வந்தாள். அக்கம்பக்க வயலில் வேலை செய்கிறவர்களை அதிகாரி விசாரிக்கலாமாம். இவர் வயலில் இறங்கி வேலை செய்வதைப் பார்த்தாயா என்று கேட்டார்.

"தினமும் பார்த்தேங்க. பரம்படிச்சாரு, நாத்துப் பறிச்சாரு, வரப்பு வெட்டினாரு."

காரியஸ்தர் எழுந்தார். "நீ நின்ன இடம் நாலு வயல் தள்ளி. குனிஞ்சு வேலை செய்யிறப்ப எல்லாருக்கும் முதுகும் தலைத்துண்டும்தான் தெரியும். அது இந்த ஆளுதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"துண்டு கட்டின ஆளுன்னா தெரியாதுதாங்க" என்றாள் அக்கா. "இந்தத் தம்பி தொப்பில்ல போட்டுக்கிட்டு இறங்குச்சு. கறுப்பா, தோசை மாதிரி. இந்த நன்னிலம் தாலுகாவுலயே அந்தத் தலை ஒண்ணுதாங்க. நாப்பது வயலு தள்ளி நின்னாலும் தெரியும்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "எங்கய்யா அந்தத் தொப்பி?"

நான் சொன்னது இது: "என்ன தொப்பிங்க? எங்கிட்ட தொப்பியே கிடையாதே."

காரியஸ்தர் முகத்தில், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சிரிப்பு வந்தது. ஆட்சேபம் எழுதியவரே தொப்பி உண்டு என்கிறார், சாட்சி உண்டு என்கிறாள், தலைக்குச் சொந்தக்காரன் இல்லை என்கிறான்.

"அடப்பாவி தம்பி" என்றாள் அக்கா. "உனக்காக நான் சங்க வேலையை விட்டுட்டு வந்து நிக்கிறேன், நீ என்னையப் பொய்க்காரி ஆக்குறியே! புத்தி இருக்கா உனக்கு? தொப்பி போட்ட எடத்துல இருந்ததும் வெந்துபோச்சா?"

என் மனைவி அதற்குள் சாவடியில் இல்லை. கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். முந்தானையெல்லாம் நெல் தூசி. கையில் தொப்பி. அதிகாரியின் மேசையில் அதைப் போட்டபோது மடிப்பிலிருந்து நாலைந்து விதைநெல்லும் காய்ந்த சேறும் உதிர்ந்தன. அதிகாரி ஒரு விரலால் திருப்பிப் பார்த்தார். உள்ளே தோல் பட்டை முழுக்க, கிணற்றில் நனைந்தும் போகாத, வெள்ளை வெள்ளையாக வியர்வை உப்பு. ஓரத்தில் பொசுங்கல். கர்ணம் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

"துண்டை அவிழ்த்துட்டு இதைப் போடுய்யா" என்றார் அதிகாரி.

அவிழ்த்தேன். தாம்பாளத்தை ஊரே பார்த்தது. போட்டேன்.

"இதேதாங்க" என்றாள் அக்கா.

கர்ணம் வாக்குமூலத்தில் "கறுப்புக் கம்பளித் தொப்பி அணிந்து மேற்படி நிலத்தில் வேலை செய்த நபர் இவரே" என்று எழுதி, அக்காவிடம் கைநாட்டு வாங்கினார். இவர் பென்ஷன் வாங்குகிறார் என்பதற்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று அதிகாரி காரியஸ்தரைக் கேட்டார். இல்லை என்றார். அடுத்த மாதம் பதிவேட்டில், பயிரிடுபவர் என்ற கட்டத்தில், பன்னிரண்டு மாவுக்கும் என் பெயரை எழுதினார்கள்.