இரும்பு படாத மரம்

எங்கள் அம்மாவுக்குச் சாமி வந்ததே இல்லை. இதை எந்தக் கோயில் வாசலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அவள் மீன் விற்றவள். மகாபலிபுரத்தில் கடற்கரைக்குப் போகிற சாலையில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் கூடையை வைத்துக்கொண்டு பல வருஷம் உட்கார்ந்திருந்தாள். சங்கரா, வவ்வால், காரப்பொடி, அன்றைக்குக் கடல் எதைக் கொடுத்ததோ அது. வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். அடிமாட்டு விலைக்குக் கேட்டவன் அவளிடம் நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு, மீனையும் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போவான். வெள்ளிக்கிழமை தலைமுழுகி நெற்றியில் பொட்டு வைப்பதோடு அவளுடைய பக்தி முடிந்துவிடும்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் நடுரோட்டில் சாமி ஆடினாள். மரத்தைக் காப்பாற்றத்தான் ஆடினாள்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. கோயில் பார்க்க வரும் பஸ்கள் பெருகிவிட்டன. வெள்ளைக்காரர்கள், தாடியும் மணிமாலையுமாக ஹிப்பிகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று எந்நேரமும் கூட்டம். சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று டவுன் பஞ்சாயத்தில் முடிவு செய்தார்கள். ஓரத்து மரங்களுக்கெல்லாம் பட்டையைச் செதுக்கி, தார் பூசி, வெள்ளையில் எண் எழுதினார்கள். எண் போட்ட மரம் பஞ்சாயத்துச் சொத்து. ஒரு கிளையை ஒடித்தாலும் அபராதம். ஆட்டுக்குத் தழை அறுத்த ஒருத்தியின் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு போய் ஆபீசில் வைத்துக்கொண்டார்கள். மரத்தைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டம் என்றார்கள். அதே சட்டத்தை வைத்துத்தான் மரங்களை ஏலம் விட்டு வெட்டவும் செய்தார்கள். யாரிடமிருந்து காப்பாற்றினார்கள் என்று கேட்டால், எங்களிடமிருந்துதான்.

அம்மாவின் மரத்துக்கும் எண் விழுந்தது. அந்த நிழல் போனால் பிழைப்பு போயிற்று. வெயிலில் வைத்த மீன் மதியத்துக்கு முன்னால் நாறிவிடும். அம்மாவோடு இன்னும் நாலைந்து பெண்களுக்கும் அந்த மரம்தான் கடை. மரத்துக்குப் பின்னால் புறம்போக்கில்தான் எங்கள் ஓலை வீடும் இருந்தது.

யோசனை சொன்னது நைனா. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் இப்படி ஏதாவது வில்லங்கமாகத்தான் பேசுவார்.

"சாமி மரம்னு சொன்னா எவன் கை வெப்பான்?" என்றார்.

அம்மா சிரித்தாள். "யோவ், அரசு, வேம்புன்னா கூட சரி. தூங்குமூஞ்சி மரத்துல எந்த சாமிய்யா வந்து குந்தும்?"

"புதுசா வந்தவன்னு சொல்லு. கேக்கறதுக்கு இன்னா கீது?"

மறுநாள் காலையில் ரம்பமும் கோடரியுமாக ஆட்கள் வந்தபோது அம்மா கூடையை எட்டி உதைத்துவிட்டு எழுந்தாள். தலையை அவிழ்த்துப் போட்டாள். மடியில் வைத்திருந்த குங்குமத்தை அள்ளி மரத்தில் அப்பினாள். பிறகு ஆடினாளே ஓர் ஆட்டம்! அம்மாவா இது என்று நானே இரண்டடி பின்னால் போனேன். "டேய்! நான் இங்க குந்திகினு கீறேன். எவன்டா என்மேல இரும்பு வெக்கிறவன்? இரும்பு பட்டா ரத்தம் கக்கி சாவீங்கடா!" மேஸ்திரி கோடரியைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குப்பத்துப் பெண்கள் ஓடிவந்து கற்பூரம் கொளுத்தினார்கள். நைனாவும் ஒன்றும் தெரியாதவர் போல விழுந்து கும்பிட்டார்.

அன்று சாயந்திரம் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "அடுத்த வாட்டி நீ ஆடுய்யா. எனக்கு முட்டி கழண்டுபோச்சு." மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வாயெல்லாம் கசக்கிறது.

மற்ற மரங்கள் எல்லாம் விழுந்தன. எங்கள் மரத்துக்குச் சாலை கொஞ்சம் வளைந்து வழிவிட்டது. ஆனால் மழைத்தண்ணீர் போக ஓரத்தில் வாய்க்கால் வேண்டுமே. மரத்தை ஒட்டியே கடப்பாரையால் தோண்டினார்கள். சாலைப் பக்கத்து வேர்களையெல்லாம் நறுக்கித் தள்ளினார்கள். அப்போது இரும்பு பட்டதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண்ணுக்குக் கீழே நடந்ததால் அம்மனுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

மரத்தம்மன் வளர்ந்தாள். முதலில் மஞ்சள் துணி, பிறகு ஒரு கல், பிறகு சூலம் வைக்கலாமா என்று பேச்சு. சூலம் இரும்பாயிற்றே என்று மரத்தில் செய்து வைத்தார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றினார்கள். பஞ்சாயத்துக்காரர்களே ஒரு டியூப்லைட் போட்டுக் கொடுத்தார்கள். குப்பத்தில் ஒரு குழந்தைக்கு விஷக்காய்ச்சல் இறங்கியது, அதுவும் அவள் கணக்கில் சேர்ந்தது. டீக்கடைக்காரர் பந்தல் கட்ட மரத்தில் ஓர் ஆணி அடித்தார். ஊர்க் கூட்டம் போட்டு அவருக்கு அபராதம் விதித்தார்கள். இப்படியாக அந்த மரத்துக்கு இரண்டு சட்டங்கள் ஆயின. ஒன்று பஞ்சாயத்து எழுதியது, இன்னொன்று என் அம்மா வாயில் வந்தது.

ஒவ்வொரு ஆடிக்கும் அம்மா ஆடியாக வேண்டும். மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. மேளம் அடிப்பவன் வீட்டுவாசலில் வந்து நிற்பான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. ஆடிவிட்டு வந்து, "இந்த மாரடிப்புக்கு வெயில்லயே குந்திகினு வித்துருக்கலாம்" என்பாள்.

நான் பத்தாவது முடித்து வீட்டில் இருந்த வருஷங்களில் மரம் சாய ஆரம்பித்தது. சாலைப் பக்கம் வேர் இல்லை. எங்கள் வீட்டுப் பக்கமாகத் தலை கனத்துக்கொண்டே வந்தது. மழை பெய்தால் வாய்க்கால் ஓரத்தில் மண் வாய் பிளக்கும். அடிமரத்தைத் தட்டினால் பானையைத் தட்டினது போலச் சத்தம் கேட்டது. "பெருங்காத்து ஒண்ணு வந்தா போதும்" என்றார் நைனா. வேறு இடம் கேட்டோம். குப்பத்தில் ஒரு கூடை வைக்கக்கூட இடம் இல்லை.

நான் மனு எழுதினேன். பஞ்சாயத்து ஆபீசர் மரியாதையாகத்தான் பேசினார். "ஆபத்தான மரம்னா வெட்டலாம்மா, விதி இருக்கு. ஆனா இது வழிபாட்டு மரம். நாளைக்கு ஊர்ல கலாட்டான்னா என் தலை உருளும். உங்க ஊர் ஒப்புதலை வாங்கிட்டு வா." செங்கல்பட்டு தாலுகா ஆபீசுக்குப் போனால் அவர்களாவது உத்தரவு போடுவார்கள் என்று நினைத்தேன். திருக்கழுக்குன்றம் சுற்றிப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அங்கே என் மனுவைப் படித்த குமாஸ்தா, இது பஞ்சாயத்து மரம், அங்கேதான் கேட்க வேண்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே எல்லாருமே பூசாரிகள்.

மிச்சம் இருந்தது ஊர்க் கூட்டம். கடற்கரை மணலில் ஆண்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, நைனா எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிட்டார். "பொய்யிங்க அது. நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவ நடிச்சா. நெழலு போயிடும்னு செஞ்சது. மரம் வூட்டு மேல சாயுது, வெட்டிடலாம்."

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம். ஊர்ப் பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "உனுக்கு அந்த ரோசனைய குடுத்தது யாருன்னு நெனைக்கிற? அவ குடியிருக்கணும்னு நெனச்சா. உன் நாக்குல வந்து பேசினா. நீ நீயா பேசினேன்னு நெனச்சிகினு கீற." எல்லாரும் தலையாட்டினார்கள். மரத்தில் இரும்பு வைக்கிறவன் கடலுக்குப் போகக் கூடாது, அவன் வீட்டுக்குக் குப்பத்தில் யாரும் தண்ணீர்கூடத் தரக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள்.

அந்த ஆடியில் அம்மா கடைசி முயற்சியாக ஒன்று செய்தாள். மேளம் உச்சத்துக்குப் போனபோது, பழைய குரலிலேயே, பழைய ஆட்டத்தோடேயே சொன்னாள்: "டேய், எனக்கு இந்த மரம் போதும்டா. பழசாப் போச்சு. இத்த வெட்டிட்டு எனக்கு வேற எடம் குடுங்கடா!"

மேளம் நின்றது. பூசாரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு கட்டுமரக்காரர்தான், மரத்தம்மன் வந்த பிறகு பூசாரி ஆனவர். "இது அவ இல்ல. இது புருஷன் சொல்லிக் குடுத்தது" என்றார். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இத்தனை வருஷ ஆட்டத்தில் அவர்கள் பொய்யைக் கண்டுபிடித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. ராத்திரிகளில் நாங்கள் பக்கத்து வீட்டில் படுத்துக்கொண்டோம். ஒரு காலையில் மழை சற்று ஓய்ந்தபோது, கருவாட்டு மூட்டை நனைந்துவிடும் என்று அம்மா வீட்டுக்குள் போனாள். நான் வெளியே நின்றிருந்தேன். காற்றுகூடப் பெரிதாக அடிக்கவில்லை. வாய்க்கால் ஓரத்து மண் பிய்ந்து மேலே வந்தது. மரம் மெதுவாகப் படுத்தது. அந்த மரத்தின் பெயருக்கு ஏற்றபடிதான்.

குப்பமே ஓடிவந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். ஓலையைப் பிய்த்தார்கள், மண்சுவரைக் கையால் இடித்தார்கள். அம்மாவின் தலையும் மார்பும் தெரிந்தன. இடது முட்டிமேல் பெரிய கிளை கிடந்தது. நைனா கோடரியோடு வந்தார். ஓங்கிய கையை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"இரும்பு வேணாம்! இரும்பு வேணாம்!"

"டேய், என் பொண்டாட்டிடா அது!"

"கவுறு கட்டி இசுத்துடலாம். அண்ணாத்த, கோடாலிய வுடு. ஊரே அயிஞ்சிடும்."

வலைக்கயிறு கட்டி இழுத்தார்கள். மரம் அசைந்தால் அம்மாவின் கால்மேல்தான் அசைந்தது. அடியில் மணலைக் கையால் பறித்தார்கள். பறிக்கப் பறிக்க மழைத்தண்ணீர் மணலைத் திரும்பக் கொண்டுவந்து நிரப்பியது. நிறையப் பேர் அழுதுகொண்டே பறித்தார்கள். அழுகிறார்களே தவிர நைனாவின் கையை விடவில்லை. நான் போய் அந்தக் கைகளைக் கடித்தேன். அப்போதும் விடவில்லை.

அம்மா கத்தினாள். "காலு போவுதுடா! வெட்டுங்கடா! உங்கள கும்பிடறேன், வெட்டுங்கடா!" அவளிடம் மீன் வாங்கித் தின்றவர்கள், அவளோடு கூடை சுமந்தவர்கள், எல்லாருக்கும் அது கேட்டது. யாரும் அசையவில்லை.

பிறகு அம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மயங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அப்போது கிளைக்கு அடியிலிருந்து அந்தக் குரல் வந்தது. ஆடியில் வருகிற குரல். "டேய்! யாருடா அவன் கைய புடிக்கிறது? நான் சொல்றேன்டா. எறங்கிட்டேன்டா, இந்த மரத்த வுட்டு நான் எறங்கிட்டேன்! வுடுங்கடா அவன!"

கைகள் விட்டன. பெரியவர் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். யாரோ அந்த மழையிலும் கற்பூரம் தேடினார்கள். நைனா வெட்டினார். மரத்திலிருந்து ரத்தம் வரவில்லை. அங்கே இருந்த ரத்தமெல்லாம் அம்மாவுடையது.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். காலும் இருந்தது, ஆனால் காலாக இல்லை. முட்டிக்குக் கீழே கோணிக்கொண்டு, குச்சி போல வற்றிப்போய்விட்டது. அதன்பிறகு அவள் தலையில் கூடை ஏறவில்லை. நைனா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம் பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்தது. எண் போட்ட மரத்தில் அனுமதியில்லாமல் கோடரி வைத்ததற்கு அபராதம். மரத்தை அவர்கள் ஏலம் விட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டின்மேல் கிடந்த கிளையையும் சேர்த்துத்தான்.

அடுத்த ஆடிக்கு அதே இடத்தில் ஒரு வேப்பங்கன்று நட்டிருந்தார்கள். இந்தத் தடவை எதற்கும் இருக்கட்டும் என்று வேம்பாகவே பார்த்து வைத்தார்கள் போலும். பெரியவரும் பூசாரியும் தாம்பாளத்தில் தேங்காய், பழத்தோடு எங்களிடம் வந்தார்கள்.

"நீ ஆட வேணாம் தாயி. நாற்காலில தூக்கிகினு போறோம். வந்து குந்தினா போதும். நீ இல்லாம அவளுக்குக் கூழ் ஊத்த மாட்டோம்."

அம்மா தாம்பாளத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு புடவையை முட்டிவரை விலக்கி, அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி அவர்கள் முன்னால் வைத்தாள்.

"நான் எங்கியும் வரல. இத்த வோணா எடுத்துகினு போங்க. நான் கத்தும்போது உங்க யாரு காதுலயும் வுழல. அப்பவே இது உங்களுதாப் போச்சு."

நல்லா கேட்டாள் என்று எனக்கு அப்படி ஒரு திருப்தி. இந்த ஒரு பேச்சாவது உறைக்கும், தலைகுனிந்து எழுந்து போவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் குனிந்தார். அந்த வற்றிய காலை இரண்டு கையாலும் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு பூசாரியும் தொட்டு ஒற்றிக்கொண்டார்.

மரம் மேலே விழுந்தபோதுகூட அழாத அம்மா அப்போதுதான் அழுதாள். அதையும் அவர்கள் கைகூப்பிக்கொண்டுதான் பார்த்தார்கள்.